சொத்தை இல்லாத பல்லில் சீழ்: எக்ஸ்.எல்.எச் குழந்தைக்கு எந்தப் பல் சிகிச்சை?

எக்ஸ்.எல்.எச் என்பது ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து எலும்பும் பல்லும் இறுகாமல் போகும் ஒரு மரபணு நோய். அது உள்ள குழந்தையின் பல்லில் கரும்புள்ளி ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் அந்தப் பல்லை ஒட்டி ஈறில் சீழ்க் கொப்புளம் வந்திருக்கும். கால் வளைவுக்கும் உயரக் குறைவுக்கும் மாதக்கணக்கில் அலைந்த பெற்றோர் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தால், "சரியாகப் பல் தேய்த்துவிடுவதில்லையா? மிட்டாய் நிறையக் கொடுப்பீர்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருக்காது. இந்தக் குழந்தைகளுக்குப் பல் உருவாகும் விதமே வேறு. அதனால் மற்றக் குழந்தைகளுக்குப் பொருந்துகிற சிகிச்சை முறை இவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

என் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. சீலன்ட் பூசுவதா, ஸ்டீல் கேப் போடுவதா, சீழ் வைத்த பல்லுக்கு வேர் சிகிச்சையா, பிடுங்கிவிடுவதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். அந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்த்து, எது எங்கே பொருந்தும் என்று நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் "ஏதாவது தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

பல்லுக்குள் என்ன நடக்கிறது

ஃபெக்ஸ் என்ற மரபணுவில் வரும் பிழையால் ஏற்படும் நோய் இது. அந்த மரபணு 1995ல் அடையாளம் காணப்பட்டது. சுமார் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது. பிழை இருந்தால் எலும்பு எஃப்.ஜி.எஃப் 23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அதன் விளைவாகச் சிறுநீரகம் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தால் எலும்பும் இறுகாது, பல்லும் இறுகாது. வைட்டமின் டி சொட்டு மருந்து எத்தனை பாட்டில் கொடுத்தாலும் ரிக்கெட்ஸ் என்ற இந்த எலும்பு வளைவு குணமாகாததற்கும் இதுதான் காரணம்.

பல்லின் வெளி ஓடு எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள பற்கூழ். எக்ஸ்.எல்.எச்சில் டென்டின் கெட்டியாகச் சேராமல், சாந்து பூசாத செங்கல் சுவர் போல இடையிடையே இடைவெளி விட்டு நிற்கிறது. பற்கூழ் அறையும் வழக்கத்தைவிடப் பெரியது. அதன் கூம்பு முனைகள் சில பற்களில் எனாமலுக்கு அடிவரைக்கும் ஏறி நிற்கும். மேலே எனாமலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள். மென்று மென்று எனாமல் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், வாயில் உள்ள பாக்டீரியா அந்த விரிசல் வழியாக இறங்கி நேராகப் பற்கூழை அடைந்துவிடும். வலி இல்லாமலே பற்கூழ் செத்துப்போகும். நமக்குத் தெரிய வரும்போது ஈறில் கொப்புளம் வந்திருக்கும். முதலில் தேய்வது முன்பல்லின் கடிக்கும் விளிம்பு என்பதால், மூன்று நான்கு வயதில் முன் பால் பற்களில் இது தொடங்குவதைப் பரவலாகப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பால் பற்களின் மேல்பகுதி குழந்தை வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. நோய் பெரும்பாலும் குழந்தை நடக்கத் தொடங்கிக் கால் வளைந்த பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே மருந்தால் பால் பல்லைத் திருத்த வாய்ப்பு குறைவு. மேலே மூடித்தான் காப்பாற்ற வேண்டும். நிலைப்பற்களோ பிறந்த பிறகு பல வருடங்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பாஸ்பேட்டும் கால்சிட்ரியாலும் (வைட்டமின் டியின் செயல்படும் வடிவம்) சீக்கிரம் தொடங்கி ஒழுங்காகக் கொடுத்த குழந்தைகளின் நிலைப்பற்களில் டென்டின் மேலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகிவிட்டால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு உடனே பரிசோதனை செய்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அப்பாவுக்கு நோய் இருந்தால் மகள்கள் எல்லோருக்கும் வரும், மகன்களுக்கு வராது. அம்மாவுக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு.

சீழ் வருவதற்கு முன்: நான்கு வழிகள்

முதல் வழி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருவது மட்டும். செலவு குறைவு, குழந்தைக்குப் பயமும் இல்லை. ஆனால் சொத்தையைத் தேடிப் பார்க்கும் டாக்டரின் கண்ணுக்கு எக்ஸ்.எல்.எச் பல் நன்றாகவே இருக்கும். பற்கூழ் செத்த பிறகுதான் வெளியே அடையாளம் காட்டும். வெறும் பார்வையை நம்பியிருப்பது இங்கே உதவாது. காட்டுவது அவசியம், ஆனால் அதோடு நிறுத்தினால் பல்லைக் காப்பாற்றியதாகாது.

இரண்டாவது, சீலன்ட். பல்லை அரைக்காமல், சுத்தம் செய்து, மெல்லிய ரெசின் திரவத்தைப் பூசி நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்கள். மற்றக் குழந்தைகளுக்குக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் மட்டும் பூசுவார்கள். எக்ஸ்.எல்.எச் குழந்தைக்கு முன்பல்லின் கடிக்கும் விளிம்பிலும் பூசச் சொல்லிக் கேட்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் முதல் தேய்மானம். 2019ல் ஐரோப்பிய நிபுணர்கள் வெளியிட்ட சிகிச்சைப் பரிந்துரைகளில், பால் பல்லானாலும் நிலைப்பல்லானாலும் முளைத்து இடம் கிடைத்த உடனே பள்ளங்களை இப்படி ரெசினால் மூடிவிட வேண்டும் என்று இருக்கிறது. குறை என்னவென்றால், இது நிரந்தரம் இல்லை. தேயும், ஓரத்தில் பெயரும். பெயர்ந்த ஓரம் வழியாகக் கிருமி இறங்கிவிடும். ஒவ்வொரு முறை போகும்போதும் சீலன்ட் முழுதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, தேவைப்பட்டால் மறுபடியும் பூசிக்கொள்ள வேண்டும். பூசும் நேரத்தில் பல்லில் எச்சில் படக்கூடாது என்பதால், வாயைத் திறந்து வைத்துக்கொள்ள மறுக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு இது கடினம்.

மூன்றாவது, கடைவாய்ப் பால் பற்களுக்கு ஸ்டீல் கேப். பல்லை முழுவதும் மூடுவதால் தேய்மானம் என்ற பேச்சே இல்லை, பல் விழும் வரைக்கும் நிற்கும். சிக்கல் எப்படிப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. வழக்கமான முறையில் கேப் உட்கார இடம் வேண்டும் என்று பல்லைச் சுற்றிலும் மேலேயும் அரைக்கிறார்கள். எக்ஸ்.எல்.எச் பல்லில் பற்கூழின் முனை மேலேயே நிற்கும்போது இது ஆபத்து. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நார்னா ஹால் கையாண்டு, அவர் பெயரிலேயே அழைக்கப்படும் ஹால் முறை எனக்கு இங்கே பொருத்தமாகப் படுகிறது. ஊசி கிடையாது, அரைப்பு கிடையாது. பற்களுக்கு நடுவே சில நாள் ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்கி, கிளாஸ் அயனோமர் சிமென்ட் நிரப்பிய கேப்பைப் பல்மேல் அழுத்தி உட்கார வைத்துவிடுகிறார்கள். முதலில் கடி கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், சில வாரங்களில் சரியாகிவிடும். இந்த முறை சொத்தை விழுந்த பால் பற்களுக்காக வந்தது. எக்ஸ்.எல்.எச்சுக்கென்று தனியாகப் பெரிய ஆய்வுகள் கிடையாது, இருப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு குழந்தைகளைப் பற்றிய அறிக்கைகளே. ஆனாலும் அரைக்காமல் மூடுவது என்ற காரணத்தை எடைபோட்டால் இதுவே மேல் என்பது என் எண்ணம். கேப் போடுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து வேருக்கடியில் சீழ் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். செத்த பல்லை மூடி வைத்தால் பிரச்சினை உள்ளேயே வளரும்.

வெள்ளைக் கேப் கேட்கும் பெற்றோர் நிறையப் பேர். வெள்ளியாய் மின்னும் பல்லைப் பார்த்து ஊரில் யாராவது ஏதாவது சொல்வார்களே என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் சிர்கோனியா கேப் வளைந்து கொடுக்காது, அழுத்திச் செருக முடியாது. அதற்காகப் பல்லை ஸ்டீல் கேப்பைவிட அதிகமாக அரைத்தாக வேண்டும். இந்த நோயில் அந்த அரைப்பை நான் ஏற்க மாட்டேன். முன்பல்லுக்கு விளிம்பில் பல் நிற ரெசின் பூசினால் அழகுக்கும் அது போதும்.

நான்காவது வழி, சீழ் வரும் முன்பே பற்கூழின் மேல்பகுதியை எடுத்துவிட்டு மருந்து வைத்துக் கேப் போடுவது. இதைப் பரிந்துரைக்கும் டாக்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தச் சிகிச்சை வெற்றி பெற வேருக்குள் மிஞ்சும் கூழ் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். எக்ஸ்.எல்.எச்சில் அதுதான் சந்தேகத்துக்குரியது, கிருமி ஏற்கெனவே கீழே போயிருக்கலாம். உயிரோடு இருக்கிற பல்லில் நாமே துளை போடுவதைவிட, வெளியிலிருந்து மூடுவது நல்லது.

ஆக, கடைவாய்ப் பல்லில் தேய்மானம் தெரிகிறது, இன்னொரு பல்லில் ஏற்கெனவே சீழ் வந்திருக்கிறது என்றால் ஹால் முறைக் கேப். தேய்மானம் இல்லை, குழந்தையும் ஒத்துழைக்கிறது என்றால் சீலன்ட். ஃப்ளோரைடு வார்னிஷ் இரண்டோடும் சேர்ந்து நடக்கட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் குடிநீரைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல்லில் கறுப்பு மருந்து, அதாவது சில்வர் டையமின் ஃப்ளோரைடு, சொத்தையை நிறுத்தத்தான். சொத்தையே இல்லாமல் வரும் இந்தச் சீழுக்கு அதில் பயனில்லை.

சீழ் வந்த பிறகு: காப்பாற்றுவதா, எடுப்பதா

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் விட்டுவிடுவது ஒரு வழியே இல்லை. செத்த பற்கூழ் உள்ளே இருக்கும் வரைக்கும் சீழ் திரும்ப வரும். முகம் வீங்குவது, காய்ச்சல், கண் மூடும் அளவு வீக்கம், விழுங்கச் சிரமம் இவற்றில் எது இருந்தாலும் மறுநாளுக்குத் தள்ளக்கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. அங்கே ஆன்டிபயாடிக் அவசியம். வெறும் ஈறுக் கொப்புளத்துக்கு வேண்டியது அந்தப் பல்லுக்கான சிகிச்சை.

முன் பால் பல்லா, எத்தனையாவது கடைவாய்ப் பல், குழந்தைக்கு என்ன வயது, வேர் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முன் பால் பல் என்றால் எடுப்பதில் பெரிய நஷ்டம் கிடையாது. கோரைப் பற்கள் முளைத்த பிறகு முன்பல் இடம் அவ்வளவாகச் சுருங்காது. குழந்தை சிரிக்கத் தயங்கினால் செயற்கைப் பல் வைத்த கம்பி மாட்டலாம். எக்ஸ்.எல்.எச்சில் முன்பல் வேர் சிகிச்சை செய்தாலும், சுவர் மெலிந்த பல் என்பதால் நீண்ட நாள் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்று வயதுக் குழந்தையைத் திரும்பத் திரும்ப நாற்காலியில் படுக்க வைத்து அந்தப் பல்லுக்காகப் போராடுவதைவிட, எடுத்துவிட்டு மிச்சப் பற்களை மூடிக் காப்பது எனக்கு நியாயமாகத் தெரிகிறது.

இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லைப் பற்றி நான் இதற்கு நேர் எதிராக நினைக்கிறேன். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப் பல் இதன் பின்பக்கத்தை ஒட்டித்தான் மேலே வருகிறது. நாலு வயதில் இதை எடுத்துவிட்டால் அந்தப் பல் வழி தெரியாமல் முன்னால் சாய்ந்து, பிற்பாடு அங்கே முளைக்க வேண்டிய நிலைப்பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே வேர் சிகிச்சைக்கு முயற்சி செய்து பார்ப்பது தகும். செத்த கூழை எடுத்து, பால் பல் வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பேஸ்ட்டை நிரப்பி, மேலே கேப் போட்டு, அதன் பிறகும் எக்ஸ்ரேயில் கவனிக்க வேண்டும். வேர் நிறையக் கரைந்திருந்தாலோ, சீழ் கீழே உள்ள நிலைப்பல் மொட்டைத் தொடும் அளவுக்குப் பரவியிருந்தாலோ முயற்சி வேண்டாம். அந்தச் சீழ் நிலைப்பல்லின் எனாமலைக் கெடுத்துவிடும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் இடம் பிடிக்கும் கம்பியைப் பற்றி அன்றைக்கே பேசிவிடுங்கள். ஆறு வயதுப் பல் இன்னும் வரவில்லை என்றால் ஈறுக்குள் இறங்கி அதற்கு வழிகாட்டும் வேறு வகைக் கம்பி தேவைப்படும். முதல் கடைவாய்ப் பால் பல்லை எடுத்தால் வளையமும் கம்பியும் சேர்ந்த எளிய வகை போதும்.

நிலைப்பல்லில் சீழ் வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் வேர் சிகிச்சைதான். பத்து வயதில் வேரின் நுனி இன்னும் மூடாமல் திறந்திருக்கும் பற்கள் உண்டு. அவற்றுக்கு எம்.டி.ஏ என்ற சிமென்ட் வைத்து நுனியை அடைத்த பிறகு நிரப்புவார்கள். இதற்குப் பழக்கப்பட்ட கை வேண்டும்.

நாற்காலியிலா, மயக்கம் கொடுத்தா

ஐந்தாறு பற்களில் ஒரே சமயத்தில் வேலை இருக்கிறது, குழந்தைக்கு மூன்று வயது என்றால் முழு மயக்கம் கொடுத்து ஒரே அமர்வில் முடிக்கலாம் என்பார்கள். குழந்தையின் மனதுக்கு அது நல்லதுதான். ஆனால் எக்ஸ்.எல்.எச்சில் இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு மண்டையோட்டு இணைப்புகள் சீக்கிரம் ஒட்டிவிடுகின்றன. சிலருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும் கியாரி என்ற நிலை இருக்கிறது. தலை வடிவம் நீளமாக இருப்பது, அடிக்கடி தலைவலி, கழுத்து வலி இவற்றில் எது இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்தை எவ்வளவு வளைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. வெறும் வயிற்றோடு இருக்கும் அன்று எந்த வேளைப் பாஸ்பேட்டைத் தள்ளிப்போடுவது என்று ஹார்மோன் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இந்த நோயில் இன்று சரியாக இருக்கிற பல்லிலும் அடுத்த வருடம் சீழ் வரலாம். மயக்கம் கொடுப்பது என்று முடிவாகிவிட்டால், கெட்ட பற்களை மட்டும் பார்த்துவிட்டு எழுப்பக்கூடாது. மிச்சமுள்ள எல்லாப் பற்களுக்கும் அதே அமர்வில் சீலன்டோ கேப்போ போட்டுவிடச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார், யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

எங்கே போவது என்றால், தெருமுனை கிளினிக்கைவிடக் குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு உள்ள இடம் நல்லது. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. தனியார் பல் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். ஹார்மோன் டாக்டரின் கடிதம், சமீபத்திய ரத்தப் பரிசோதனை, பழைய பல் எக்ஸ்ரே இவற்றை ஒரு ஃபைலில் வைத்துக் கொண்டுபோனால் "தேய்க்கவில்லையா" என்ற கேள்வியில் நேரம் போகாது.

மருந்தும் பல்லும்

நம் ஊரில் பல குழந்தைகள் குடிக்கும் பாஸ்பேட் மருந்து ஜூலிஸ் சொல்யூஷன். பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துத் தயாரிப்பது, புளிப்பாக இருக்கும். ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு வேளை. பாலோடு கொடுக்கக் கூடாது, பாலில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வீடுகளில் ஜூஸில் கலந்து கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், விரிசல் விழுந்த எனாமலின் மேல் தினமும் ஐந்து முறை அமிலமும் சர்க்கரையும். தண்ணீரில் கலந்து கொடுத்து, உடனே வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைப்பது எல்லா வீட்டிலும் முடிகிற காரியம். இரவுக் கடைசி வேளை மருந்து முதலில், பிறகு வாய் கொப்பளித்து, கொஞ்ச நேரம் கழித்துப் பல் தேய்ப்பது என்று வரிசையை வைத்துக்கொண்டால் தூக்கத்தில் பல்மேல் எதுவும் தங்காது. மருந்தை மட்டும் பல்லுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், நிலைப்பல் அந்தப் பாஸ்பேட்டில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

எஃப்.ஜி.எஃப் 23ஐ நேரடியாகத் தடுக்கும் புரோசுமாப் ஊசிக்கு 2018ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எலும்புக்கு அது பழைய மருந்தைவிட நன்றாக வேலை செய்வது உறுதியாகிவிட்டது. பல்லைப் பொறுத்தவரை அவ்வளவு தெளிவான முடிவு இன்னும் வரவில்லை. ஊசி போடும் குழந்தைகளிலும் பல் சீழ் பதிவாகியிருக்கிறது. விலையோ நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. அந்த ஊசி கிடைத்தவர்கள் ஜூலிஸ் சொல்யூஷனை நிறுத்திவிடுவார்கள், சீலன்டையும் கேப்பையும் நிறுத்த வேண்டாம்.

ஆறு வயதுப் பல்

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் தேவைப்படுவது முதல் நிலைக் கடைவாய்ப் பல்லுக்கு. அது பிறந்த சமயத்தில் உருவாகத் தொடங்கி மூன்று வயதுக்குள் மேல்பகுதியை முடித்துவிடுகிறது. ஒன்றரை இரண்டு வயதில் நோய் தெரிந்த குழந்தைக்கு அந்தப் பல்லின் பெரும்பகுதி மருந்து இல்லாமலே உருவாகியிருக்கும். இது பால் பல் இல்லை, விழுந்தால் வேறு வராது. பின்னால் எதுவும் விழாமல் புதிதாக முளைப்பதால் பல பெற்றோர் இதைப் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

அது ஈறை விட்டு முழுதாக வெளியே வரப் பல மாதம் பிடிக்கும். பாதி ஈறு மூடியிருக்கும்போது ரெசின் சீலன்ட் ஒட்டாது, ஈரம் படும். அதற்காக முழுதாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமரை அப்போதே பூசிக்கொண்டு, பல் முழுதாக வந்ததும் ரெசினுக்கு மாற்றச் சொல்லலாம். ஐந்தரை வயதிலிருந்தே கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை முனை தெரிந்த வாரமே அப்பாயின்மென்ட் வாங்கிவிடுங்கள்.